நான் இளைத்தது நல்ல சேதி அல்ல

அன்புள்ள மகளுக்கு,

போன வாரம் வீடியோ காலில் என்னைப் பார்த்துவிட்டு, "நல்லா இளைச்சிருக்கீங்கப்பா, சூப்பர்" என்றாய். உன் அம்மா சட்டென்று பேச்சை மாற்றியதைக் கவனித்தாயா என்று தெரியவில்லை. இதையெல்லாம் போனில் விளக்க ஆரம்பித்தால் நீ பாதியிலேயே பதறிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

இளைக்க வேண்டும் என்று நான் எதுவும் செய்யவில்லை. விஷயமே அதுதான். கால் வீங்கத் தொடங்குவதற்கு முன் 61 கிலோ இருந்தேன். ஆறு மாதம் கழித்து, வீக்கமெல்லாம் வடிந்த பிறகு 56. ஐம்பது வயதில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் தொப்பையைக் கரைத்து ஐந்து கிலோ இறங்கினால் கைதட்டலாம். எழுபதைத் தாண்டி, இதயமும் வலுவிழந்த ஒருவனுக்கு அதே ஐந்து கிலோ தானாக இறங்கினால் கதையே வேறு. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை தானாகக் குறைவது ஊட்டச்சத்துக் குறைபாட்டின் அடையாளங்களில் ஒன்று என்று 2019-ல் வெளியான சர்வதேச வரையறை சொல்கிறது. எனக்கு 8 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 1997-லேயே லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, எனக்கு இருக்கும் இதயச் செயலிழப்பு (இதயம் நின்றுபோவதல்ல, ரத்தத்தைப் போதுமான அளவு இறைக்க முடியாமல் போவது) உள்ளவர்களில் 7.5 சதவீதத்துக்கு மேல் இளைத்தவர்களுக்கு இறப்பு அபாயம் அதிகம் என்று காட்டியது. வயதையும் இதயத்தின் பம்பு திறனையும் கழித்துப் பார்த்தாலும் அந்த வித்தியாசம் போகவில்லை.

இதில் ஓர் ஏமாற்று வேலையும் உண்டு. இதயம் சரியாக இறைக்காதபோது உடம்பில் நீர் தங்குகிறது. நான்கு கிலோ சதை போய் நான்கு கிலோ நீர் வந்தால் தராசு அசையாது. கால் வீங்கியிருந்த நாட்களில் என் எடை அப்படியேதான் நின்றது, எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். நீர் மாத்திரையைக் கூட்டிய பிறகுதான் உள்ளே மிச்சம் எவ்வளவு என்று தெரிந்தது. பேன்ட்டுக்குள் தொடை ஆடுகிறது, வாட்ச் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. தினமும் காலையில் எடை பார்ப்பதை இதற்காக விட்டுவிட முடியாது. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது நீர், உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல இறங்கினால் அது சதை. முதலாவதைப் பற்றி எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள், இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

'அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை' என்று நீ அம்மாவிடம் குறைப்படுவதும் என் காதில் விழுகிறது. பிடிவாதம் என்று நினைக்காதே. நீர் தங்கும்போது குடலின் சுவரும் ஊறிப்போகிறது, சாப்பிட்டது சரியாக உடம்பில் சேர்வதில்லை. கல்லீரல் வீங்கி இரைப்பையை நெருக்குவதால் நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. மென்று விழுங்குவதற்குள் மூச்சு வாங்குகிறது. மாத்திரைகளும் தங்கள் பங்கைச் செய்கின்றன. இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சின் மருந்து ரத்தத்தில் கொஞ்சம் கூடினாலே பசி செத்துவிடும். சில மருந்துகள் நாக்கின் ருசியை மாற்றிவிடும். நீர் மாத்திரை சிறுநீரோடு பொட்டாசியம், மக்னீசியம், தயமின் (வைட்டமின் பி1) எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். இதற்கெல்லாம் மேலே, முற்றிய இதயச் செயலிழப்பு உடம்பு முழுக்க ஓர் அழற்சி. டி.என்.எஃப். என்ற, அழற்சியைத் தூண்டும் பொருள் இத்தகைய நோயாளிகளின் ரத்தத்தில் கூடியிருப்பதை 1990-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பசியை அடக்குவதும் தசையைக் கரைப்பதும் அதன் குணம். வேலைக்காரனுக்குக் கூலி குறைத்துக்கொண்டே அவன் வீட்டுச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு போகும் முதலாளி மாதிரி.

என் நிலை என்ன என்று நீ கேட்பாய். நானே கணக்குப் போட்டேன், ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை. முதியவர்களுக்கென்று 2005-ல் உருவாக்கிய ஊட்டச்சத்து அபாயக் குறியீடு ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எடுத்து 1.489-ஆல் பெருக்க வேண்டும். இப்போதைய எடையை, உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையால் வகுத்து 41.7-ஆல் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்ட வேண்டும். என் ஆல்புமின் 34. என் உயரத்துக்கு 63.5 கிலோ இருக்க வேண்டும், இருப்பது 56. கூட்டினால் 87 வருகிறது. 98-க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 92-க்குக் கீழே நடுத்தர அபாயம், 82-க்குக் கீழே கடும் அபாயம். நான் நடுவில் நிற்கிறேன். ஆனால் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அழாதே. ஆல்புமின் சாப்பாடு போதாததால் மட்டும் குறைவதில்லை. அழற்சியாலும் குறையும், உடம்பில் நீர் கூடினால் நீர்த்துப்போயும் குறையும். என் அபிப்பிராயத்தில் அது நான் எவ்வளவு சாப்பிடுகிறேன் என்பதை விட, எவ்வளவு நோயாளி என்பதைத்தான் அதிகம் சொல்கிறது.

எனக்கு நம்பிக்கையான சோதனை உன் அம்மாவின் தையல் டேப். போன ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் என்னை உட்காரவைத்து, வேட்டியை முழங்கால் வரை சுருட்டச் சொல்லி, கெண்டைக்காலின் பருமனான இடத்தில் சுற்றி அளந்தாள். 31 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. டேப் 30-க்குப் பக்கத்தில் நின்றது. "டேப் பழசு, இழுபட்டிருக்கும்" என்றாள். இழுபட்ட டேப் அளவைக் குறைத்துத்தான் காட்டும் என்பது அவள் கட்சி. விடாமல் மூன்று முறை அளந்தாள், கோடு அங்கேயேதான் நின்றது. பிறகு கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தேன். 15 விநாடிக்கு மேல் ஆனால் தசை வலுக் குறைவு என்று கொள்ளலாம். நான்காவது முறையே கை நாற்காலியின் பிடியைத் தேடியது.

இனி உப்பு விஷயம். இதில் நீயும் நானும் சண்டை போடப்போகிறோம். நீ அனுப்பிய 'இதய நோயாளிகள் தவிர்க்க வேண்டியவை' பட்டியலில் உப்பு, எண்ணெய், முட்டை, பால், இனிப்பு என்று எல்லாவற்றையும் அடித்துவிட்டால் தட்டில் மிஞ்சுவது தட்டுதான். ஆறு நாடுகளில் 806 இதயச் செயலிழப்பு நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. ஒரு பாதிக்கு சோடியத்தை நாளுக்கு 1500 மில்லிகிராமுக்குள், அதாவது உப்பாகக் கணக்கிட்டால் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கட்டுப்படுத்தச் சொன்னார்கள். இன்னொரு பாதிக்கு வழக்கமான ஆலோசனை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், மரணமும் இதயக் கோளாறால் மருத்துவமனைக்குப் போவதும் குறிப்பிடும்படி குறையவில்லை. உப்பு ஜாடியைத் திறந்துவிடப் போகிறேன் என்று அர்த்தமில்லை. உப்பு கூடினால் என் கால் வீங்கும் என்பதை என் செருப்பே சொல்லும். பாக்கெட்டில் வரும் பண்டங்கள் பக்கம் இனியும் போகமாட்டேன். ஆனால் ருசியில்லாமல் தொடாமலே மூடிவைத்த தட்டு எனக்கு மருந்து ஆகாது.

எண்ணெய், கொழுப்பு பற்றியும் அதேதான். அடைப்பு வராமல் தடுக்க உனக்கு அந்த அறிவுரை சரி, நீ நாற்பதைத் தாண்டவில்லை. என் வயதில், என் நோயில், இன்றைய பசிதான் முதல் பிரச்சினை. கொஞ்சம் சதைப்பிடிப்பு உள்ள இதயச் செயலிழப்பு நோயாளிகள் ஒல்லியானவர்களை விட நீண்ட நாள் இருக்கிறார்கள் என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. நோய் முற்றியதால்தான் பலர் ஒல்லியாகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் குண்டாகிவிடு என்று அதற்குப் பொருள் இல்லை, இருக்கும் சதையை விட்டுவிடாதே என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டைக் கவனித்தால் பலன் உண்டா என்றால், உண்டு. சுவிட்சர்லாந்தில் எட்டு மருத்துவமனைகளில் நடந்து 2019-ல் வெளியான பெரிய ஆய்வில், ஊட்டச்சத்து அபாயத்தில் இருந்த உள்நோயாளிகளுக்கு ஆளுக்கு ஏற்ற மாதிரி உணவுத் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அதில் இதயச் செயலிழப்பு இருந்த 645 பேரைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, 30 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான மருத்துவமனைச் சாப்பாட்டில் 14.8 சதவீதம், திட்டமிட்ட உணவில் 8.4 சதவீதம். புது மாத்திரை ஒன்று இப்படிச் செய்திருந்தால் நாளிதழில் முதல் பக்கத்தில் வந்திருக்கும்.

எனக்கு என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். என்னைப் போன்றவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும். என் கணக்கில் நாளுக்கு 67 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆகவே இது சுலபமில்லை. சிறுநீரகம் ரொம்பக் கெட்டிருந்தால் இந்தக் கணக்கே பொருந்தாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் சரி என்றார். மூன்று பெரிய வேளையை ஆறு சின்ன வேளையாக்கியிருக்கிறாள் அம்மா. பசி கொஞ்சம் இருக்கும் காலை நேரத்தில் புரதம் கூடுதலாக. சாப்பிடும் முன் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்புவதில்லை. வெறும் சாப்பாடு தசையாகாது என்பதால் நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சியும் உண்டு. 2007-ல் ஓர் ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கவைத்தபோது, கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போயிற்று. 'ரெஸ்ட் எடுங்கப்பா' என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு கிலோதான் ஞாபகம் வரும்.

அடுத்த பரிசோதனையின்போது நீயும் போனில் இருந்தால் நல்லது. டிகாக்சின் அளவைச் சரிபார்க்கலாமா என்று கேள். இரும்புச் சத்தைக் காட்டும் ரத்தச் சோதனைகளான ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் பார்த்தார்களா என்று கேள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, ரத்தசோகை இல்லாமலேயே கூட, இரும்புக் குறைவு இருக்கும். மாத்திரையாகக் கொடுத்தால் பெரிதாக ஏறாது, ஊசி வழிதான் பலன். உணவியல் நிபுணரிடம் எழுதிக்கொடுக்கச் சொல். நான் கேட்டால் 'வயசாகிவிட்டது ஐயா' என்று தோளைத் தட்டி அனுப்பிவிடுகிறார்கள். நீ கேட்டால் பதில் வரும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: எனக்குத் துணையாக உன் அம்மாவும் உப்பும் எண்ணெயும் குறைத்த அதே சாப்பாட்டைத்தான் இத்தனை மாதமாகச் சாப்பிடுகிறாள். அவளுக்கு இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. அவளையும் தராசில் ஏறச் சொல், நான் சொன்னால் கேட்கமாட்டாள்.