பொது வகுத்தி எந்தப் புறத்தில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்லுறுப்புக்கோவைகளை உறுப்புகளாகக் கொண்ட இரு சதுர அணிகளின் (matrices) அணிக்கோவைகளுக்குப் (determinants) பொதுக் காரணி இருந்தால் அந்த அணிகளுக்கும் பொது வகுத்தி இருக்கும் என்று தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த வரி, வேலூர், குடியாத்தம் பக்கம் முதுகலைக் கணிதம் படிக்கும் மாணவர்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அணிப் பெருக்கலில் வரிசை முக்கியம். ஆற்காட்டில் மக்கன் பேடா போடுபவரைக் கேட்டால், பொரித்துப் பாகில் இடுவதும் பாகில் இட்டுப் பொரிப்பதும் ஒன்றல்ல என்பார். ஆகவே வகுத்தியிலும் இடப்புறம், வலப்புறம் என இரண்டு உண்டு: ஓர் அணியை இரு அணிகளின் பெருக்கமாக எழுதினால் இடப்பக்கம் நிற்பது இடப்புற வகுத்தி, வலப்பக்கம் நிற்பது வலப்புற வகுத்தி.

த என்னும் மாறியை வைத்து, முதல் நிரையில் த, 0 என்றும் இரண்டாம் நிரையில் 0, 1 என்றும் அமைந்த அணியை அ என்போம். முதல் நிரையில் 1, 0 என்றும் இரண்டாம் நிரையில் 0, த என்றும் அமைந்ததை ஆ என்போம். இரண்டின் அணிக்கோவையும் த தான். ஆயினும் த = 0 ஆகும்போது அ பூச்சியமாக்கும் நிரல் வெக்டர் (1, 0), ஆ பூச்சியமாக்குவது (0, 1); வலப்புற வகுத்தி பூச்சியமாக்கும் வெக்டரை முழு அணியும் பூச்சியமாக்கும்; இங்கே பொதுவான வெக்டர் இல்லாததால் வலப்புறப் பொது வகுத்தியும் இல்லை. (அணிக்கோவை பூச்சியமற்ற மாறிலியாக இருக்கும் வகுத்திகளை நாம் கணக்கில் கொள்வதில்லை.) இதைவிடச் சுவையானது, அ-வின் இரு நிரைகளையும் இடம் மாற்றினால் கிடைக்கும் அணி. அ-வை இடப்பக்கத்திலிருந்து ஒரு மாறிலி அணியால் பெருக்கியே அதைப் பெறுகிறோம் என்பதால், அந்த இரண்டுக்கும் அ-வே வலப்புறப் பொது வகுத்தி. இடப்புறத்திலோ அவற்றுக்குப் பொது வகுத்தியே கிடையாது.

பகுமுறைச் சார்புகளை (analytic functions) உறுப்புகளாகக் கொண்டு, அணிக்கோவை முற்றொருமையாகப் பூச்சியமாக (எல்லாப் புள்ளிகளிலும் பூச்சியமாக) இல்லாத அணிகளிலும் வலப்புறப் பொது வகுத்திக்கு இதே அளவுகோல்தான்: ஏதேனும் ஒரு புள்ளியில் இரண்டும் ஒரே பூச்சியமற்ற வெக்டரைப் பூச்சியமாக்க வேண்டும். சாதாரணப் பல்லுறுப்புக்கோவைகளின் பொதுப் பூச்சியத்தைக் கண்டறிய 1840-இல் ஆங்கிலக் கணிதவியலர் சில்வெஸ்டர் தந்த, கெழுக்களை அடுக்கிய அணியின் அணிக்கோவை பூச்சியமா என்று பார்க்கும் சோதனையை அணிகளுக்கு அப்படியே எடுத்துச் செல்ல இயலாது. கூடுதல் நிரைகள் சேர்த்து நீட்டிய அணி தேவை என்பதை 1970-களில் கணிதவியலர்கள் இஸ்ரயேல் கோபெர்க்கும் கெயோர்க் ஹைனிக்கும் காட்டினர்.

மேற்படி வரியைத் திருத்தி வெளியிடும்போது, வகுத்தி எந்தப் புறத்தது என்பதையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.