செவிலியர்களுக்கு மரபியல் பயிற்சி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை ரத்த நோய் இருப்பது 1952-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. 2047-க்குள் அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கத்தை மத்திய அரசு 2023-இல் தொடங்கி, 40 வயது வரையிலான ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. ரத்தம் எடுத்ததோடு வேலை முடிவதில்லை. முடிவுத்தாளில் ‘கேரியர்’ (நோயின்றி அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்) என்று வந்தால், அது நோயா இல்லையா என்று வீட்டார் முதலில் கேட்பது செவிலியரிடம்தான். பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் நோயியலை ஒட்டி வரும் மரபியல், தேர்வு முடிந்ததும் பலருக்கு மறந்துவிடுகிறது என்பதைப் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன்.

இது மலைக்கு மட்டுமான பிரச்சினை அன்று. அத்தை மகனையே மணந்த கர்ப்பிணியிடம் ‘சொந்தத்தில் திருமணமா’ என்று கேட்டால், “இல்லீங்க, வேற கூட்டமுங்க” என்ற பதில் நம் பகுதியில் வருவதுண்டு. கூட்டம் என்கிற குலப்பிரிவு தந்தை வழியை மட்டுமே கணக்கில் கொள்வது. மரபணுவோ தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவது. அத்தை, மாமன் மக்களுக்கிடையே சராசரியாக எட்டில் ஒரு பங்கும், தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் இடையே நான்கில் ஒரு பங்கும் மரபணுக்கள் ஒன்றாக இருக்கும்; அதனால் இருவருமே ஒரே நோயின் கேரியராக இருக்கும் வாய்ப்பு கூடும். ஆகவே ஆம், இல்லை என்று பதிவேட்டில் குறித்து நகர்ந்துவிடாமல், தாய்வழித் தாத்தா, பாட்டியான அப்புச்சி, அம்மாயி வரை விசாரித்து, ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமுமாக மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போடச் செவிலியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாத பெண்ணை, மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பாய் என்று கடிந்துகொள்வது (நாங்களும் செய்ததுதான்) எளிது. சிவப்பணுக்களும் சிறிதாக இருந்தால் அவர் தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோயின் கேரியராக இருக்கலாம் என்று ஐயுற்று, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனை தேவையா என மருத்துவரிடம் எடுத்துச் சொல்வதே செவிலியரின் கடமை. அவர் கேரியர் என்று உறுதியானால் கணவரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதல் குழந்தை நலமாகப் பிறந்ததால் அடுத்ததற்கு அது குறையாது. மருமகள்மீது மட்டும் பழி போடும் மாமியாருக்கு இதைப் புரியும்படி சொல்லவும், கேரியர் என்ற செய்தி ஊருக்குள் பரவி ஒரு பெண்ணின் வரன் தட்டிப்போகாமல் காக்கவும் தனிப் பயிற்சி வேண்டும்.

கோவை, ஈரோடு, நீலகிரி மாவட்டக் கிராம சுகாதார செவிலியர்களுக்கேனும் இத்தகைய பணியிடைப் பயிற்சியை மக்கள் நல்வாழ்வுத் துறை விரைவில் தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கோபிசெட்டிபாளையம்.