படிவத்தில் இல்லாத கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

மே 12 வந்தால் செவிலியர்களைப் பாராட்டி எல்லாப் பத்திரிகைகளும் எழுதுகின்றன. சந்தோஷம். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களின் திறமையை எதை வைத்து அளக்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கடலூரில் நர்சிங் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஆண்டு முடிவில் நாங்கள் நிரப்பித் தரும் சுயமதிப்பீட்டுப் படிவத்தில் கருத்தரங்குச் சான்றிதழ், ஆய்வுக் கட்டுரை, தேர்ச்சி விகிதம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. கடைசியாக எப்போது ஒரு நோயாளியைக் கவனித்தீர்கள் என்ற கேள்வி கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் செவிலியக் கல்வியாளர்களுக்கு வகுத்த எட்டுத் திறன் பிரிவுகளில் நேரடிச் செவிலியப் பணியும் ஒன்று.

வார்டில் கெட்டிக்காரியாக இருந்த சிஸ்டர் வகுப்புக்கு வந்ததும் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எனக்கும் அப்படித்தான். கைக்குத் தெரிந்தது வாயில் வராது. அதைவிடக் கஷ்டம், தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது. அது எனக்குக் கைவர ரொம்ப நாளாயிற்று.

சமீபத்தில் வார்டு போஸ்டிங்கில் ஒரு மாணவி, தேவனாம்பட்டினத்து மீன்கார அம்மா ஒருவருக்கு இன்சுலின் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பித்தாள்.

“ஃபிரிட்ஜுக்கு நான் எங்க போவேன் பாப்பா?”

மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. “வீட்ல எது குளுமையா இருக்கும்னு அவங்ககிட்டயே கேளு” என்றேன். தண்ணிப் பானை என்றார் அந்த அம்மா. அப்புறம் இருவருமாகப் பேசி, பெரிய சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, மருந்து நனையாமல் மூடி போட்ட டப்பா, வெயில் படாத மூலை என்று ஒரு வழிக்கு வந்தார்கள். திறந்த மருந்தை 28 நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதை மட்டும் நான் சேர்த்தேன்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் பி.எஸ்சி. பாடத்திட்டத்தை செமஸ்டர் முறைக்கு மாற்றியபோது சிமுலேஷன் பயிற்சிக்கும் இடம் கொடுத்தது. பொம்மையில் ஊசி போட்டுப் பழகுவது நல்லதுதான், நோயாளியின் கை தப்பிக்கும். ஆனால் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்று பொம்மை சொல்லாது. அதைக் கேட்க வார்டுக்குத்தான் போக வேண்டும், மாணவிகள் மட்டுமல்ல, நாங்களும்.

செமஸ்டர் விடுமுறையில் ஆசிரியர்களுக்குச் சில நாள் வார்டு டூட்டி போடலாம். மேற்பார்வைக்கு அல்ல, வேலைக்கு. எங்களைப் பற்றி வார்டு சிஸ்டர்களிடமும் மாணவிகளிடமும் பெயர் போடாமல் எழுதி வாங்கலாம். கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகள் இதைத் தொடங்கி வைத்தால் நன்றாக இருக்கும். இருக்கிற வேலையில் இதற்கு நேரம் ஏது என்று சக ஆசிரியர்கள் சலித்துக்கொள்வார்கள். கல்லூரியை இன்ஸ்பெக்ஷன் செய்ய ஆள் வருகிறார்கள் என்றால் மட்டும் ராத்திரி வரை உட்கார்ந்து ஃபைல் அடுக்க நேரம் கிடைக்கிறதே!

இப்படிக்கு,
நர்சிங் ஆசிரியை ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.