ஹிரோசாகியில் இருக்கும் மகனுக்கு: முதல் எழுத்துப் பாட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே கோபேயில் எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

வருடக் கடைசி விருந்து முடிந்ததும் உங்கள் ஆபீஸ்காரர்கள் கரோக்கேக்குப் போவார்கள், ஒருவர் ஒரு எழுத்தைச் சொன்னால் அடுத்தவர் அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும், எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் அந்தப் பெரியவர்களுக்குத் தெரியாதே என்று கவலைப்பட்டாய். போனில் சொன்னால் பாட்டின் பெயர்கள் காதில் நிற்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆட்டம் தொடங்கும் முன் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள். எழுத்து தலைப்புக்கா, பாடும் முதல் அடிக்கா? நம் ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நம் சினிமாப் பாட்டுக்குத் தனியாகப் பெயர் கிடையாது, முதல் அடிதான் பெயர். மதுரையில் ஆச்சி வீட்டில் இருந்தபோது அப்துல் ஹமீது நடத்திய பாட்டுக்குப் பாட்டு பார்த்திருப்பாய். அவர் எழுத்தைச் சொன்னதும் பாட்டு வாயில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானில் அப்படி இல்லை. தலைப்பு ஒரு எழுத்தில் இருக்கும், பாட்டு வேறு எழுத்தில் வாய் திறக்கும்.

'ஃபுருசாதோ'வை எடுத்துக்கொள். 1914-இல் பள்ளிப் பாட்டுப் புத்தகத்தில் வந்தது, இன்றைக்கும் அங்கே பாடத் தெரியாத ஆளைப் பார்க்க முடியாது. தலைப்பு 'ஃபு'. பாட ஆரம்பித்தால் 'உசாகி' என்று முயலில் தொடங்கும், ஆக 'உ'. 'ட்சுகாரு கைக்யோ ஃபுயுகெஷிகி' 1977-இல் இஷிகாவா சாயுரி பாடியது. தலைப்பு 'ட்சு', முதல் அடி 'உயெனோ' என்று தோக்கியோவின் ரயில் நிலையத்தில் தொடங்குகிறது. அதுவும் 'உ'. உயெனோவில் இரவு ரயில் ஏறி, பனி மூடிய ஆவொமோரியில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் ஹக்கோதாத்தேவுக்குக் கடல் தாண்டிப் போகிற பெண்ணின் பாட்டு. 1988-இல் கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை திறந்ததும் ரயில்வேயின் அந்தக் கப்பல் நின்றுபோனது. பாட்டு நிற்கவில்லை. நீ இருக்கும் ஹிரோசாகியே வட ஜப்பானின் ட்சுகாரு வட்டாரம்தானே, உன் ஆபீஸில் வயசானவர்களுக்கு இது சொந்த ஊர்ப் பாட்டு.

தலைப்பு விதியைவிட முதல் அடி விதிதான் நல்ல ஆட்டம் என்பது என் எண்ணம். தலைப்பு என்றால் வெறும் பட்டியல் ஞாபகம் போதும். கரோக்கே அறையில் கொடுக்கிற தொடுதிரைப் பலகையில் எழுத்தைத் தட்டினால் தலைப்புகள் வரிசையாக வந்து விழும், அதைப் பார்த்துச் சொல்வதில் என்ன இருக்கிறது? முதல் அடி என்றால் மனசுக்குள் பாட்டைப் பாடிப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். பிடித்து நீ தொடங்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் தானாகச் சேர்ந்து பாடுவார். அதற்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன் தம்பி. குரல் நன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த அறையில் இருக்கிற எல்லோரும் சின்ன வயசில் பாடிய பாட்டாகப் பார்த்து எடு.

'உ'வுக்கு இரண்டு சொல்லிவிட்டேன். மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் மேல். 'உயே ஓ முயிதே அருகோ', 1961, சகமோதோ கியூ பாடியது. எய் ரோகுசுகே எழுதி நகாமுரா ஹச்சிதாய் இசையமைத்தது. தலைப்பும் முதல் அடியும் ஒன்றே என்பதால் எந்த விதி வைத்தாலும் செல்லும். 1963-இல் அமெரிக்காவில் சம்பந்தமே இல்லாமல் 'சுகியாகி' என்று ஒரு சாப்பாட்டின் பெயரை ஒட்டி விற்றார்கள், அப்படியும் அங்கே முதலிடத்துக்குப் போனது. இதை மட்டும் முழுதாக மனப்பாடம் பண்ணு. நடுவில் விசில் வரும். உனக்குத்தான் விசில் நன்றாக வருமே.

'ஹ' வந்தால் பயமே வேண்டாம். 'ஹாரு' என்று வசந்தத்தைச் சொல்லித் தொடங்குகிற பாட்டுகள் பள்ளிப் புத்தகம் முழுக்க இருக்கின்றன. 'ஹாரு கா கிதா' இருக்கிறது, 'ஹாரு நோ ஒகாவா' இருக்கிறது. தாகி ரெந்தாரோ இசையமைத்த 'ஹனா' (1900), 'கோஜோ நோ ட்சுகி' (1901) இரண்டுமே தலைப்பு வேறாக இருந்தாலும் பாட்டு 'ஹாரு' என்றுதான் தொடங்கும். அந்த மனிதர் 1903-இல் இருபத்து மூன்று வயசில் போய்விட்டார். அந்த வயசுக்குள் ஒரு நாடே பாடுகிற இரண்டு பாட்டைக் கொடுத்திருக்கிறார். எங்கள் பாட்டுக் குழுவில் 'கோஜோ நோ ட்சுகி' பாடும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வந்து தொண்டை அடைக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஜோடி. 'அகதொம்போ', அதாவது சிவப்புத் தும்பி, உனக்குத் தெரியும், பாலர் பள்ளியில் பாடியிருக்கிறாய். மிகி ரோஃபு எழுதியதற்கு யமதா கோசாகு 1927-இல் இசையமைத்தது. அது 'யூயாகே கோயாகே' என்று தொடங்கும். அதே 'யூயாகே கோயாகே' என்பதையே தலைப்பாகவும் முதல் சொல்லாகவும் கொண்டு 1923-இல் வந்த இன்னொரு பாட்டு இருக்கிறது. பல ஊர்களில் சாயங்காலம் பிள்ளைகள் வீடு திரும்ப ஒலிபெருக்கியில் போடும் மெட்டு அதுதான். ஜப்பானிய எழுத்தில் எண்ணிப் பார், முதல் ஏழு எழுத்து இரண்டிலும் அப்படியே ஒன்று. எட்டாவது எழுத்தில்தான் பிரியும். 'நோ' வந்தால் தும்பி, 'தே' வந்தால் பொழுது சாய்கிற பாட்டு. மெட்டு வேறு என்பதால் பாடும்போது குழப்பம் வராது. வாயால் மட்டும் சொன்னால் எட்டாவது எழுத்து வரை யாருக்கும் எது என்று தெரியாது.

இந்தக் காது அவர்களுக்கு நேற்று வந்ததில்லை. 'ஹ்யாகுனின் இஷ்ஷு' என்று நூறு கவிதைத் தொகுப்பு இருக்கிறதே, புஜிவாரா நோ தெய்கா தொகுத்தது, அதை வைத்து ஆடும் கருதா என்ற சீட்டாட்டம் முழுக்க இதுதான். ஒருவர் கவிதையைப் படிக்கத் தொடங்குவார், எது என்று தெரிந்த நொடியில் அதன் சீட்டைத் தட்டி எடுக்க வேண்டும். 'மு, சு, மெ, ஃபு, ச, ஹொ, செ' இந்த ஏழு எழுத்துக்கும் ஒவ்வொரு கவிதைதான், ஒலி வந்தவுடன் கை பாயும். 'அ'வில் மட்டும் பதினாறு. 'அசபொராகே' என்று தொடங்கும் இரண்டு கவிதைகளில் ஆறாவது எழுத்து வரும் வரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஜனவரியும் ஒத்சுவில் ஓமி கோயிலில் பெரிய போட்டி நடக்கும். அந்தக் கவிதைகளுக்கும் தலைப்பு கிடையாது, நம் பாட்டு மாதிரியே முதல் அடிதான் அடையாளம். உனக்கு இது அந்நியமான ஆட்டமே இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ர வரிசைதான் கஷ்டம். ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் சொல்கிறதல்லவா, இராமன் என்று இகரம் சேர்த்துத்தானே எழுதினார்கள். ஜப்பானியத்திலும் பூர்வீகச் சொல் எதுவும் 'ர, ரி, ரு, ரெ, ரொ'வில் தொடங்காது. சீனத்திலிருந்தும் மேல்நாட்டிலிருந்தும் வந்த சொற்களை நம்பித்தான் ஆட வேண்டும். ஆனால் 'ரி'க்கு நீ இருக்கும் ஊரே கை கொடுக்கும். ஆப்பிளுக்கு அங்கே 'ரிங்கோ'. மிசொரா ஹிபாரி 1952-இல் பாடிய 'ரிங்கோ ஒயிவாகே' தலைப்பிலும் 'ரி', முதல் அடியிலும் 'ரி'. நீ ஜன்னலில் தினம் பார்க்கிற இவாகி மலை அந்தப் பாட்டின் நடுவே வசனத்தில் வருகிறது. இழுத்து இழுத்துப் பாட வேண்டிய பாட்டு, முழுதாக வராவிட்டாலும் பரவாயில்லை, முதல் இரண்டு அடி பாடு. மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சிலர் ஷிரிதோரி என்ற சொல் விளையாட்டு மாதிரி சங்கிலியாகவும் ஆடுவார்கள். ஒரு தலைப்பு முடிந்த எழுத்தில் அடுத்த தலைப்பு தொடங்க வேண்டும். 'ட்சுகாரு கைக்யோ ஃபுயுகெஷிகி' 'கி'யில் முடியும், அங்கிருந்து சென் மசாவோவின் 'கிதாகுனி நோ ஹாரு'. அது 'ரு'வில் முடிவதால் அடுத்தவர் திணறுவார். அங்கே தெராவோ அகிராவின் 'ரூபி நோ யுபிவா' என்று 1981 பாட்டு ஒன்று இருக்கிறது. அடுத்து 'வா'வுக்கு மொரிதாகா சிசாதோவின் 'வாதராசெபாஷி', பிறகு 'ஷி'க்கு 'ஷிமாஉதா'. 'ன்' என்ற ஒற்றில் முடிந்தால் ஆட்டம் அவுட், அந்த ஒற்றில் தொடங்கும் சொல்லே அவர்களிடம் இல்லை. உன் வயசுக்காரர்கள் பாடும் 'லெமன்', 'ரொபின்சன்' இரண்டும் அதில்தான் மாட்டும், பார்த்துக்கொள். அப்புறம் 'க' ஒலியை அழுத்தியும் மெலித்தும் சொல்வது இரண்டும் ஒன்றா என்று முதலிலேயே கேட்டுவிடு. நமக்கு ஒரே எழுத்து, அவர்களுக்கு மேலே இரண்டு கோடு போட்டால் வேறு எழுத்து. இதில்தான் சண்டை வரும்.

'ச' வந்தால் எல்லோரும் 'சகுரா' என்று பாய்வார்கள். முதல் அடி விதி என்றால் நிதானி. மொரியாமா நாவோதாரோவின் 'சகுரா', கொபுகுரோவின் 'சகுரா', ஃபுகுயாமாவின் 'சகுராசாகா' எதுவுமே 'ச'வில் வாய் திறக்காது. பழைய 'சகுரா சகுரா' எந்த விதியிலும் நிற்கும்.

கம்பளிச் சட்டையும் முறுக்கும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், வியாழக்கிழமைக்குள் வந்துவிடும். விருந்து முடிந்த மறுநாள் உனக்கு எந்த எழுத்து வந்தது, எதைப் பாடினாய், யார் கூடப் பாடினார்கள் என்று எழுது.

அன்புடன்,
அம்மா