மூன்று முழ இடைவெளி

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகு கார் ஓட்டக் கற்று, புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து வில்லியனூர் வரை தனியாகப் போய்வந்தாய் என்பதைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் சைக்கிள்காரர்கள் எல்லாரும் சாலையில் ஆடிக்கொண்டே போகிறார்கள் என்று குறைபட்டிருந்தாயே, அதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை வரை என்னைக் கேரியரில் வைத்து மிதித்தவன் நீதானே!

சைக்கிள் நேர்கோட்டில் போகும் வண்டியே அல்ல. சாயும் பக்கம் ஹேண்டில்பாரைச் சற்றுத் திருப்பித் திருப்பித்தான் அது நிமிர்ந்து நிற்கிறது. ஓரமாகப் போனால் என்ன என்று கேட்பாய். நெல்லிக்குப்பம் சாலையில் தார் முடியுமிடத்தில் மண் அரித்து இறங்கியிருக்கிறது; அந்த விளிம்பிலிருந்து ஒருமுறை கீழே இறங்கிய முன்சக்கரம், சாய்வாக மேலேற முயன்றால் உராய்ந்து வழுக்கி, ஆளைச் சாலைக்குள்ளேயே தள்ளிவிடும். அதனால்தான் நான் விளிம்பைவிட்டு இரண்டடி உள்ளே தள்ளி மிதிக்கிறேன். பின்னால் வருபவருக்கு அது திமிராகத் தெரிகிறது. அவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நீளமாக ஹாரன் அடித்தால் உடம்பு துள்ளும், கை ஆடும். தொலைவிலேயே ஒருமுறை சுருக்கமாக அடித்தால் எவருக்கும் கோபம் வராது.

பிரிட்டனில் 2022-இல் திருத்திய சாலை விதிகள், சைக்கிளைக் கடக்கும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் விலகிப் போகச் சொல்கின்றன. உன் ஊரை ஒரு காலத்தில் ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நாட்டில் ஊருக்குள் 1 மீட்டர், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் என்று வகுத்திருக்கிறார்கள். பூக்காரம்மா கணக்கில் ஒன்றரை மீட்டர் என்பது மூன்று முழத்துக்குச் சற்று மேல். எதிரே வண்டி வந்து அவ்வளவு இடம் இல்லையென்றால், சில நொடிகள் சைக்கிளின் பின்னாலேயே மெதுவாக வந்தால் போதும்.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. இருட்டில் விளக்கில்லாமல் வருகிறோம், சுற்றிப்போகச் சோம்பி எதிர்த்திசையில் வருகிறோம், கை காட்டாமல் திரும்புகிறோம். நானே சென்ற மாதம் கெடிலம் பாலத்தருகே, நின்றிருந்த ஒரு பேருந்தின் இடப்பக்கமாக நுழைந்தேன். அது சட்டென்று இடதுபுறம் திரும்பிற்று. நீள வண்டி திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போவதில்லை, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகிறது. காலை ஊன்றி நின்றதால் பிழைத்தேன். பிறகு, எங்கள் தெருவில் இருக்கும் ஒரு லாரி ஓட்டுநரிடம் கேட்டு அவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இடப்பக்கக் கதவடியில் நான் சாத்தியிருந்த என் சைக்கிள் என் கண்ணில் படவேயில்லை. அன்றுவரை அந்த ஓட்டுநர்களை எத்தனை ஏசியிருக்கிறேன்!

மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் உங்கள் கடற்கரைச் சாலையில் இந்தத் தொல்லை இல்லை. நேரு வீதியில்தான் எனக்கு அச்சம், அதுவும் ஓடும் கார்களைவிட நின்றிருக்கும் கார்களின் கதவுகளிடம். அதற்கு நெதர்லாந்துக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது: கதவுக்கு அருகிலுள்ள கையால் திறக்காமல் மறு கையால் திறப்பது. வலப்பக்கம் அமரும் நீ இடக்கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் கண்ணில் படுவார்.

ஞாயிறு காலை வருவதாக எழுதியிருக்கிறாய். என் இரண்டாவது சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்திருக்கிறேன். கடற்கரை வரை மிதிப்போம். காரை வாசலில் நிறுத்தியதும் கதவை இடக்கையால் திற. எங்கள் சந்து குறுகலானது, பால்காரர் அந்த நேரத்தில்தான் சைக்கிளில் வருவார்.

அன்புடன்,
உன் பழைய கேரியர்க்காரன்