வரனுக்கு மனச்சிதைவுப் பரிசோதனையா?

ஆசிரியருக்கு,

வரனின் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று தெரிந்ததும், மரபணுப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். முடியாது. 2022இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு மரபணுத் தொகுப்பில் 287 இடங்களை இந்நோயோடு தொடர்புபடுத்தியது. ஒவ்வொன்றும் கூட்டும் அபாயம் துளிதான். அவற்றைச் சேர்த்துப் போடும் மதிப்பெண் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானது. நம்மவர்களுக்குத் துல்லியம் இன்னும் குறையும். காசுக்குக் கேடு.

விதிவிலக்கு ஒன்று: 22ஆவது குரோமோசோமில் சிறு துண்டு விடுபட்டிருப்பது. அப்படி விடுபட்டவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. பிறவி இதயக் குறை, அண்ணப் பிளவு, கால்சியம் குறைவு ஆகியவை சேர்ந்திருந்தால் குரோமோசோமில் விடுபட்ட சிறு துண்டுகளையும் காட்டும் மைக்ரோஅரே பரிசோதனை கேளுங்கள். குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சாதாரண கேரியோடைப் பரிசோதனையில் அது விடுபட்டிருப்பது பெரும்பாலும் கண்ணில் படாது.

மரபியல் ஆலோசகர்,
திருச்சி