விளையாட்டுக்கான ப்ராசஸர் என்று ஒன்றை ஒதுக்கவைத்து, என் தொழிலுக்குப் பொருந்தாத சர்வர் ப்ராசஸரை விற்றது குறித்த புகார்

அனுப்புநர்:
திருமண ஒளிப்பதிவாளர் மற்றும் படத்தொகுப்பாளர்,
திண்டுக்கல்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கணினி விற்பனை நிறுவனம்,
சென்னை.

நாள்: 22.12.2025

பொருள்: 04.09.2025 அன்று வாங்கிய, இரண்டு ஜியான் (இன்டெல்லின் சர்வர் ப்ராசஸர்) கொண்ட கணினியைத் திரும்பப் பெற்று, முதலில் கொட்டேஷன் தரப்பட்ட கணினியை வழங்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் திண்டுக்கல்லில் பதினேழு ஆண்டுகளாகத் திருமண வீடியோ எடுத்து, அதை நானே எடிட் செய்து கொடுத்து வருகிறேன். கடந்த செப்டம்பர் 4 அன்று தங்கள் நிறுவனத்தில் ரூ.1,14,500 செலுத்தி ஒரு கணினி வாங்கினேன். அந்தக் கணினி பழுதாகி நின்றுவிட்டது என்று நான் புகார் சொல்லவில்லை. நாள் முழுக்க நிற்காமல்தான் ஓடுகிறது. ஆனால் எந்த வேலைக்காக வேண்டும் என்று எழுத்தில் சொல்லிக் கேட்டேனோ, அந்த வேலையை அது செய்யவில்லை. செய்யாது என்பது விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 27 அன்று தங்கள் விற்பனைப் பிரிவுக்கு வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய செய்தி இன்றும் இரு தரப்பிலும் இருக்கிறது. சோனி ஆல்பா 7 ஃபோர் கேமராவில் 4கே அளவில், ஹெச்.இ.வி.சி. என்ற சுருக்க முறையில், நிறத் தகவல் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 வடிவில் எடுக்கிறேன் என்றும், பிரீமியர் ப்ரோவில் எடிட் செய்கிறேன் என்றும், இரண்டு கேமராவின் கிளிப்களையும் ஒரே டைம்லைனில் வைத்து ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கான சிறிய அளவு நகல்) போடாமல் ஓட்ட வேண்டும் என்றும் அதில் தெளிவாக எழுதியிருந்தேன். மறுநாள் தங்களிடமிருந்து இரண்டு கொட்டேஷன்கள் வந்தன. முதலாவது ரூ.1,31,000-க்கு, இன்டெல் கோர் ஐ7-14700கே ப்ராசஸரும் 64 ஜிபி டிடிஆர்5 மெமரியும் கொண்டது. இரண்டாவது ரூ.1,14,500-க்கு, ஜியான் இ5-2680 வி4 ப்ராசஸர்கள் இரண்டும் 128 ஜிபி இ.சி.சி. (பிழை திருத்தும்) மெமரியும் கொண்டது. கிராஃபிக்ஸ் கார்டு இரண்டிலும் அதே ஆர்டிஎக்ஸ் 3060.

நான் முதலாவதைத்தான் கேட்டேன். அன்று மாலை தங்கள் விற்பனைப் பிரதிநிதி தொலைபேசியில் அழைத்து, "சார், அது பசங்க கேம் ஆடுற ப்ராசஸர். தொழில் பண்றவங்களுக்கு சர்வர் ப்ராசஸர்தான் சரியா வரும். அதுல 20 கோர், 28 த்ரெட்; இதுல 28 கோர், 56 த்ரெட். மெமரியும் ரெண்டு மடங்கு, விலையும் கம்மி" என்றார். கோர் என்பது ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி, த்ரெட் என்பது அது ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை. கேமிங் ப்ராசஸர்கள் ஆறு மாதத்தில் கெட்டுப்போய்த் திரும்பி வருவதாகவும் சொன்னார். பிறகு இதையே சுருக்கி, 'வேலைக்கு சர்வர், விளையாட்டுக்கு கேமிங்' என்று வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். அந்த வரியை நம்பித்தான் நான் இரண்டாவதை வாங்கினேன்.

அதன் விளைவை நவம்பர் மாதத்தில் ஒரு குடும்பத்தின் முன்னால் அனுபவித்தேன். ஐப்பசி முகூர்த்தம் ஒன்றில் எடுத்த திருமணத்தின் பாடல் தொகுப்புக்குக் காட்சிகளைத் தேர்ந்தெடுக்க, மணப்பெண்ணின் பெற்றோர் என் அறைக்கு வந்து அருகிலேயே அமர்ந்திருந்தார்கள். தாலி கட்டும் கிளிப்பை ஓட்டினேன். கெட்டிமேளச் சத்தம் ஸ்பீக்கரில் தடையின்றி வந்துகொண்டிருக்க, திரையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் ஏந்திய இடத்திலேயே படம் நின்றுவிட்டது. மறுபடி அசைந்தபோது அட்சதை விழுந்து முடிந்து, பெண்ணின் நாத்தனார் முடிச்சை விட்டுக் கையை எடுத்துக்கொண்டிருந்தார். "தாலி கட்டுனத நீங்க எடுக்கலையா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார்கள். அவர்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். எடுத்திருக்கிறேன், கணினிதான் காட்டவில்லை என்று விளக்கி, அந்த ஒரு கிளிப்பை மட்டும் கேமராவிலேயே போட்டு, அதன் சிறிய திரையில் காட்டி அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

அன்றிரவு அதே கிளிப்பை மறுபடி ஓட்டிக்கொண்டு, ப்ராசஸரின் வேலைப்பளுவைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். த்ரெட்டுக்கு ஒன்றாக 56 சிறு கட்டங்கள் வரிசையாக நின்றன. அவற்றில் ஏழெட்டுக் கட்டங்களில் மட்டும் கோடு உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மற்றவை எல்லாம் தரையோடு படுத்திருந்தன. நான் பணம் கொடுத்து வாங்கிய 56 த்ரெட்டுகளில் பெரும்பாலானவை என் வேலை தடுமாறி நின்ற அதே நேரத்தில் சும்மா இருந்தன.

காரணத்தைத் தேடிப் படித்து, தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இ5-2680 வி4 என்பது 2016-ல் வெளிவந்த ப்ராசஸர். அதன் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகமான 3.3 கிகாஹெர்ட்ஸ் என்பதும் ஓரிரு கோர்கள் மட்டும் வேலை செய்யும்போது கிடைப்பது. தாங்கள் முதலில் கொட்டேஷன் தந்த ஐ7-14700கே 5.6 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது. அதோடு ஒவ்வொரு கிகாஹெர்ட்ஸிலும் அது முடிக்கும் வேலையும் பழைய ப்ராசஸரைவிட அதிகம். எடிட்டிங் டைம்லைனில் விநாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன என்றால், ஒவ்வொரு படமும் 40 மில்லிவிநாடிக்குள் தயாராக வேண்டும். அந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய வேலையில் ஒரு பகுதியைத்தான் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியும், மீதி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடந்தாக வேண்டும். பூக்கட்டும் 28 பேரை உட்காரவைத்தால் ஒரே நேரத்தில் 28 மாலைகள் கட்டிவிடலாம். முகூர்த்தத்துக்கு வேண்டிய ஒரு மாலையை 28 பேர் சேர்ந்து கட்டினால் அது விரைவில் முடிந்துவிடாது. விளையாட்டு மென்பொருளுக்கும் இதே அவசரம்தான் இருக்கிறது, அதற்கும் அடுத்த படம் குறித்த நேரத்துக்குள் வந்தாக வேண்டும். ஆகவே பிள்ளைகள் விளையாடுவதற்கானது என்று தங்கள் பிரதிநிதி ஒதுக்கிய அந்த ப்ராசஸரின் குணம்தான் என் தொழிலுக்கும் வேண்டிய குணம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஹெச்.இ.வி.சி. 10 பிட் 4:2:2 வீடியோவைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே ஐ7-14700கே ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியில் தனி வன்பொருள் உண்டு. இன்டெல் அதை க்விக் சிங்க் என்கிறது. ஜியான் இ5 ப்ராசஸரில் கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டும் ஹெச்.இ.வி.சி.யில் நிறத் தகவல் குறைந்த 4:2:0 வடிவத்தைப் பிரிக்குமே தவிர 4:2:2-ஐப் பிரிக்காது. ஆக, என் கேமரா தரும் ஒவ்வொரு படத்தையும் அந்தப் பழைய கோர்கள்தான் வெறுங்கையால் பிரித்தாக வேண்டியிருக்கிறது. பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து சேர்ந்த இன்டெல் ப்ராசஸர்களில் இந்தக் கிராஃபிக்ஸ் பகுதி வேலை செய்யாது; விலை சற்றுக் குறைவு என்பதால் பல கடைகளில் அதையே போடுகிறார்கள். தங்கள் முதல் கொட்டேஷனிலோ எஃப் இல்லாத ப்ராசஸர்தான் இருந்தது. என் செய்தியைப் படித்து அந்தக் கொட்டேஷனைத் தயாரித்தவருக்கு என் தேவை சரியாகப் புரிந்திருக்கிறது என்றே கருதுகிறேன். அப்படியிருக்க, தொலைபேசியில் அழைத்தவர் அதற்கு நேர்மாறாகச் சொன்னது ஏன் என்பதற்குத் தாங்கள் பதில் தர வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்காமல் இதை நான் எழுதவில்லை. நண்பர் ஒருவரிடம் உள்ள கோர் ஐ5-14500 கணினிக்கு அதே ப்ராஜெக்டை எடுத்துச் சென்றேன். அதில் இருப்பது 14 கோர்களும் 32 ஜிபி மெமரியும்தான். இரண்டு கேமராவின் கிளிப்களும் முழு அளவில் ஒருமுறைகூட நிற்காமல் ஓடின. நான்கு நிமிடப் பாடல் தொகுப்பை எக்ஸ்போர்ட் செய்ய அங்கே ஆறு நிமிடங்கள் ஆயின. என் கணினியில் அதற்கே பத்தொன்பது நிமிடங்கள் ஆகின்றன. இரண்டையும் கைபேசியில் பதிவு செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

தங்கள் சேவைப் பிரிவினர் இதுவரை சொன்ன மறுமொழிகள் எனக்குத் திருப்தி தரவில்லை. ப்ராக்ஸி போட்டு எடிட் செய்யுங்கள் என்றார்கள். பழைய கணினியில் இரவெல்லாம் ப்ராக்ஸி போட்டுக் காத்திருந்தது போதும் என்றுதான் புதிய கணினியே வாங்கினேன், அதை முதல் செய்தியிலேயே எழுதியும் இருந்தேன். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு ஒன்றை வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்றும் ஒருவர் சொன்னார். அந்த வரிசைக் கார்டுகள் 4:2:2-ஐப் பிரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் தவறான தேர்வைச் சரிசெய்யும் செலவை நான் ஏன் ஏற்க வேண்டும்? அதை வாங்கினாலும் எஃபெக்ட்டுகளும் டைட்டில்களும் அந்தப் பழைய கோர்களின் வேகத்தில்தான் நகரும்.

சர்வர் ப்ராசஸர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கேட்கும் தகவலை இரவும் பகலும் தந்துகொண்டிருக்கும் இடத்தில், பல மெய்நிகர் கணினிகளை ஒரே பெட்டியில் ஓட்டும் இடத்தில், மெமரியில் ஒரு பிட் மாறினாலும் கணக்கு தப்பிவிடும் வங்கி போன்ற இடத்தில் அவைதான் வேண்டும். மெமரியில் நேரும் ஒற்றை பிட் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இ.சி.சி., ஒவ்வொரு ப்ராசஸருக்கும் நான்கு மெமரி சேனல்கள், கார்டுகளை இணைக்கும் 40 பிசிஐஇ பாதைகள் ஆகியவை அங்கே பெரிய பலம். ஒரே ஆள், ஒரே டைம்லைன், ஒரே கார்டு என்று வேலை செய்யும் என் அறையில் அவை பயன்படாமல் கிடக்கின்றன. போதாக்குறைக்கு, இரண்டு ப்ராசஸர்களுக்கும் தனித்தனி மெமரி இருப்பதால், ஒன்றின் வேலைக்கு வேண்டிய தகவல் மற்றொன்றின் பக்கம் இருந்தால் நடுவிலுள்ள இணைப்பைக் கடந்து வர வேண்டியிருக்கிறது; அதுவும் தாமதம்தான்.

கேமிங் ப்ராசஸர்கள் கெட்டுப்போகின்றன என்று சொன்னதிலும் பாதி உண்மையே இருந்தது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் கோளாறு வந்தது. ஐ7-14700கே ப்ராசஸரும் அந்த வரிசையைச் சேர்ந்ததுதான். இன்டெல் 2024 ஜூலையில் காரணத்தைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட் மாதத்தில் அதற்கான மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் இயங்கும் கட்டளைத் தொகுப்பு) திருத்தத்தை வெளியிட்டதோடு, வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. பெட்டியோடு வாங்கும் ப்ராசஸருக்கு இப்போது ஐந்து ஆண்டுகள் வாரண்டி. அதைச் சொல்லி என்னைப் பயமுறுத்திய தங்கள் நிறுவனம், 2016-ஆம் ஆண்டு ப்ராசஸருக்குத் தந்திருப்பது ஓராண்டு கடை வாரண்டி மட்டுமே.

மேலும் இரண்டு செய்திகளைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுள்ள ப்ராசஸர் பட்டியலில் இ5-2680 வி4 இல்லை. நிறுவும்போது நடக்கும் ப்ராசஸர் பரிசோதனையைத் தாண்டவைத்துத் தாங்கள் அதை நிறுவியிருக்கிறீர்கள். அப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் கிடைப்பதற்கு மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் தருவதில்லை. விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம் என்றால் அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அடுத்து, தூசு தட்டுவதற்காக உள்ளூர் மெக்கானிக் கூலரைக் கழற்றியபோது, ப்ராசஸரின் உலோக மூடியில் பழைய கூலர் அழுத்திய தழும்பும், ஓரத்தில் கெட்டியாகக் காய்ந்துபோன, வெப்பம் கடத்தும் பழைய பேஸ்டும் இருந்ததை நேரில் பார்த்தேன், படமும் எடுத்திருக்கிறேன். பயன்படுத்திய பொருள் என்று பில்லில் ஓரிடத்திலும் எழுதப்படவில்லை.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47), பயன்படுத்திய அல்லது பழைய பொருளைப் புதியது என்று காட்டி விற்பதை நியாயமற்ற வணிக நடைமுறையாகக் குறிப்பிடுகிறது. நான் தொழிலுக்காக வாங்கியதால் நுகர்வோர் ஆக மாட்டேன் என்று தங்கள் அலுவலர் கூறியது சரியல்ல. சுயதொழில் செய்து வாழ்க்கையை நடத்துவதற்காக மட்டும் வாங்கும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதே சட்டத்தின் பிரிவு 2(7)-க்கான விளக்கம் சொல்கிறது.

ஆகவே, இந்தக் கணினியைத் தங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொண்டு, முதல் கொட்டேஷனில் உள்ள கணினியை அதே விலைக்குத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். விலை வித்தியாசமான ரூ.16,500-ஐ நான் செலுத்தத் தயாராக இருக்கிறேன். இடைப்பட்ட மாதங்களில் மெமரி விலை ஏறிவிட்டது என்பதை அறிவேன். ஆனால் செப்டம்பரில் நான் கேட்டதையே தந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. அது இயலாதெனில் ரூ.1,14,500-ஐ முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். தை மாதத்தில் ஐந்து முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கியிருப்பதால், 06.01.2026-க்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். அதற்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

கணினியை எடுக்க ஆள் அனுப்பும்போது இரண்டு நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். அதில் நான்கு குடும்பங்களின் திருமணப் பதிவுகள் இருக்கின்றன. அவற்றைப் பிரதியெடுத்து, டிரைவை முழுவதுமாக அழித்த பிறகே ஒப்படைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: பில் நகல், இரண்டு கொட்டேஷன்கள், வாட்ஸ்அப் உரையாடல், ஒப்பீட்டு வீடியோ பதிவுகள், ப்ராசஸரின் படங்கள்.